பீரங்கிக்குக் காலில் அடி

"மூணு கோல். ஒண்ணு, ரெண்டுன்னா கூட எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். மூணுக்கு நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நாளைக்கு முதலாளி ரூமுக்குள்ள போறது?"

அட்டைப்பெட்டி ஆலையின் ஃபோர்மேன் கேன்டீன் மேசையை ஓங்கித் தட்டினார். டீ கிளாஸ்கள் குலுங்கின. எதிரே இருந்த ஸ்டோர் கீப்பர் தன் கிளாஸை மட்டும் பத்திரமாகக் கையில் எடுத்துக்கொண்டார். தொழிலாளர்களின் கால்பந்து அணிக்கு ஆள் பொறுக்கியவர் அவர்தான். எனவே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியவரும் அவர்தான்.

ஃபோர்மேன் சும்மா குதிக்கவில்லை. ஆலைக் குடியிருப்பில் ஒரே ஒரு வீடு காலியாகியிருந்தது. மனைவி, மாமியார், மூன்று பிள்ளைகளோடு ஒற்றை அறையில் மூச்சு முட்டிக் கிடக்கும் அவருக்குத்தான் அது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நாளை காலை முதலாளி கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். முதலாளி குஷியாக இருந்தால் வீடு. இல்லையென்றால் மறுபடியும் அதே அறை, அதே மாமியாரின் குறட்டை.

"முதலாளிக்கு இந்த ஆட்டம்னா உயிரு. வருஷம் பூரா இதைப் பத்தியேதான் பேசுவாரு. மூணாவது கோல் விழுந்ததும் துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டாரே, பாத்தியா?"

"பாத்தேன். அதுக்கு நான் என்னண்ணே பண்ணட்டும்? பீரங்கிக்குக் கால்ல அடிபடும்னு கனவா கண்டேன்?"

பீரங்கி, லோடிங் பிரிவில் மூட்டை தூக்குகிறவர். அணியின் முன்வரிசை ஆட்டக்காரர். அவர் உதைத்தால் பந்து எங்கே போகும் என்பது ஆலைக்கே தெரியும். இன்று இடைவேளை முடிந்து வந்தவர் ஒரு பள்ளத்தில் கால் மடங்கி விழுந்தார். அதோடு ஆட்டத்தின் போக்கே மாறிவிட்டது.

"அவன் கொஞ்சம் நொண்டிக்கிட்டாவது நின்னிருக்கலாம்."

"கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கு. எப்படிண்ணே நிப்பான்?"

"ஓட வேணாம்யா. முன்னால போய்ச் சும்மா நின்னா போதும். பந்து அவன்கிட்ட போச்சுன்னா நமக்குக் கவலையே இல்ல. இத்தனை வருஷத்துல ஒரு தடவை நம்மளைக் கைவிட்டிருப்பானா?" ஃபோர்மேன் தலையில் கை வைத்துக்கொண்டார். "முதல் பாதி எவ்வளவு அழகா போச்சு. ரெண்டு பக்கமும் கோல் இல்ல. பந்தை நடுவுலேயே வெச்சு உருட்டுங்க, அவசரப்பட்டு முன்னால ஓடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டானுங்களா?"

"எல்லாரும் கேட்டாங்கண்ணே. அந்த எலெக்ட்ரீஷியன்தான்..."

"அவனை எதுக்கய்யா இறக்கின? வேலைக்கு வந்து முழுசா ஒரு வாரம் ஆகல. நம்ம ஆட்டத்தோட முறை என்னன்னு சொல்லிக் குடுத்துட்டு இறக்க வேணாமா?"

"பெஞ்சுல உக்காந்திருந்தது அவன் ஒருத்தன்தான். எங்க நேரம் இருந்துச்சு?"

"கோட்டுக்கு வெளியே நின்னு தொண்டை கிழியக் கத்தினேன். அவன் என்னமோ நான் உற்சாகப்படுத்தறேன்னு நினைச்சுக்கிட்டு, கட்டை விரலைக் காட்டிட்டு மறுபடியும் அதையேதான் செஞ்சான்."

இதுவரை டீ ஆற்றுவதே கதியென்று இருந்த கேன்டீன் சமையல்காரர் மெல்ல நழுவப் பார்த்தார். அணியின் கோல் கீப்பர் அவர். ஃபோர்மேன் விடவில்லை.

"நீ எங்கே போற? நீ பண்ணின காரியத்துக்கு உன்னை நிக்க வெச்சுக் கேக்கணும். குழந்தை உருட்டின மாதிரி வந்த பந்து. அப்ப உன் புத்தி எங்கய்யா போச்சு?"

"என் தப்புதாண்ணே," என்றார் சமையல்காரர், தலையைச் சொறிந்தபடி. "யோசிக்கறதுக்குள்ள கை தானா போயிடுச்சு."

"தானா போச்சாம். நாளைக்கு என் வீடும் தானா போயிடும். நீங்க ரெண்டு பேரும் வந்து என் மாமியாருக்குப் பதில் சொல்லுங்க."

அப்போது கேன்டீன் கதவைத் தள்ளிக்கொண்டு எலெக்ட்ரீஷியன் உள்ளே வந்தான். சட்டை முழுக்கச் சேறு. வாயெல்லாம் பல். ஃபோர்மேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செய்யறதையும் செஞ்சுட்டுச் சிரிக்கறான் பாரு."

"என்னண்ணே இது, எல்லாரும் துக்க வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீங்க. மூணு கோல் போட்டவனுக்கு ஒரு டீ கிடையாதா?"

"போட்டியேடா பாவி, எதிர்ப்பக்கம் ஆபீஸ் டீமோட கோல்ல நின்னது யாருன்னு பாத்துப் போட்டியா? நம்ம முதலாளிடா. ஒரு பந்து கூட உள்ள விழாம இத்தனை வருஷமா அவரைப் பொத்திப் பொத்திக் காப்பாத்திட்டு வந்தோம். பீரங்கி மாதிரி கோலை விட்டுட்டு ஆகாயத்தைப் பாத்து உதைக்கறதுக்கு உனக்கு என்னடா கேடு?"

"ஆட்டம் முடிஞ்சதும் அவரே கூப்பிட்டுச் சொன்னாருண்ணே," என்று எலெக்ட்ரீஷியன் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான். "என் பந்துல ஒண்ணையாவது பிடிச்சே தீருவேன்னு ஒரே பிடிவாதம். தினம் சாயந்திரம் நான் போய் உதைச்சுப் பழக்கி விடணுமாம். அதுக்குத் தோதா, மைதானத்தை ஒட்டிக் காலியா கிடக்கிற அந்த வீட்டுலயே வந்து இருந்துக்கோன்னு இப்பதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு."