கட்டுப்படியாகுதா?

டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியவர், முஸ்தகீமின் வேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொந்த வண்டியா தம்பி?"

"ஆமா பாய்."

"எந்தக் கம்பெனியிலயும் சேராம, தனியா கூரியர் ஓட்டுறது கட்டுப்படியாகுதா?"

முஸ்தகீமுக்குச் சுருக்கென்றது. போன மாதம் இப்படித்தான் ஒருவன் நைசாக விசாரித்துவிட்டுப் போய், தானும் ஒரு வேன் எடுத்து, சென்னீர்குப்பத்தில் இவனுக்குப் பார்சல் கொடுத்துவந்த கடைகளில் பாதியைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாத்த கட்டுப்படியாவுது? டீசலுக்கே சரியாப் போவுது. வண்டி படுத்துக்கிச்சுன்னா அன்னிக்கு சோறு கெடையாது."

"நூம்பல் பக்கம் நெறைய பார்சல் வருமே?"

ஏரியா வரைக்கும் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். இவரும் போட்டிக்கு வரப்போகிறவர்தான், இனிச் சந்தேகமே இல்லை என்று நினைத்தான் முஸ்தகீம். நூம்பலில் தினமும் வண்டி நிறையப் பார்சல் எடுக்கிறவன், கையை விரித்தான்.

"அங்க சுத்தமா இல்ல பாய். தெரிஞ்சவங்க யாருனா இதுல எறங்குறேன்னு சொன்னா, வேணாம்னு சொல்லிடுங்க."

பெரியவர் தலையசைத்துவிட்டு எழுந்து போனார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா ஜுபைதா பிடித்துக்கொண்டாள்.

"உனக்குப் பேசிக்கினு கீற பொண்ணு ரூஹியோட அத்தா, உன்ன டீக்கடைல பாத்தாராமே?"

டீக்கடைப் பெரியவர் பெண்ணின் அப்பாவா! முஸ்தகீம் அவசரமாகக் கேட்டான். "இன்னா சொன்னாரு?"

"பொண்ணு குடுக்க சம்மதமாம். இதுக்கு முன்னாடி பாத்த பசங்கள்லாம் இல்லாத பெருமைய அளந்தாங்களாம். நீ ஒருத்தன்தான் எதையும் மறைக்காம உண்மையச் சொன்னியாம்."

சொல்லிக்கொண்டே வந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏண்டா, எங்கிட்டகூட சொல்லாம இவ்ளோ கஷ்டப்பட்டுகினா கீறே?"

முஸ்தகீம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம்மா" என்றான்.