மூன்றாவது சுரம்

திரைச்சீலைக்குப் பின்னால், முக்காட்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள் லமீஸ். கூடத்தில் பாட உட்கார்ந்திருப்பவன் எப்படிப் பாடுகிறான் என்பதில்தான் அவள் கல்யாணம் இருந்தது.

வந்திருப்பவன் பிஸ்தா வியாபாரி நஜ்தத். ஒரு தட்டு கிப்பே கறியுருண்டைகளைக் காலி செய்துவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக நக்கி, மிச்சத்தை மெத்தையில் துடைத்தான். பல்லிடுக்கில் இருந்ததை நகத்தால் தோண்டி எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வாயில் போட்டுக்கொண்டான். கண்ணிருப்பவருக்குக் குமட்டும்.

லமீஸின் அப்பா ஹிக்மத்துக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அலெப்போவில் பாடகர்களே நடுங்குகிற காது அவருடையது. சொத்து வேண்டாம், குலம் வேண்டாம், சீகா என்கிற மூன்றாவது சுரத்தைப் பிசகாமல் பிடிக்கிறவனுக்கே பெண் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பெண்ணிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“லமீஸ்கிட்டதானே என் தங்கச்சி பாட்டு கத்துக்குறா, மாமா. அவ வீட்ல வந்து பாடப் பாட நானும் அப்படியே பிடிச்சிக்கிட்டேன்” என்று ஏப்பத்தோடு சொல்லிவிட்டு ஆரம்பித்தான்.

குரல் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. மெல்ல ஏறி, மூன்றாவது சுரத்தில் போய் நின்றான்.

ஹிக்மத்தின் முகம் அழுகிய முட்டையை முகர்ந்ததுபோல் கோணியது.

“சீச்சீ! நிறுத்துய்யா!”

“ஏன் மாமா? சரியாத்தானே இருக்கு?”

“ஒரு மயிரிழை கீழ நிக்குது. எங்க, இன்னொரு தடவ பாடு.”

பாடினான். அதே இடத்தில் போய் அசையாமல் நின்றான்.

“வாந்தி வருதுய்யா! எழுந்திரு மொதல்ல!”

“ஒரு மயிரிழைக்காகவா பொண்ணு இல்லைங்கறீங்க?”

“ரெண்டு மயிரிழையா இருந்தா தெருவுல புடிச்சுத் தள்ளியிருப்பேன்.”

நஜ்தத் எழுந்தான். போகிற போக்கில் இன்னொரு தட்டிலிருந்த பிஸ்தாவை எச்சில் கையால் அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

லமீஸ் வெளியே வந்தாள். கண்ணெல்லாம் ஈரம். அதைப் பார்த்ததும் ஹிக்மத்துக்கு மனம் இளகிவிட்டது.

“அழாத கண்ணு. நல்ல இடம்தான், எனக்கும் வருத்தம்தான். நீ சுத்தமாச் சொல்லிக்குடுத்த சுரத்தை, அந்தத் தங்கச்சிக்காரி வீடு போய்ச் சேர்றதுக்குள்ள கெடுத்துட்டா!”

“அவ ஒண்ணும் கெடுக்கல பாபா. நான் எறக்கிச் சொல்லிக்குடுத்ததை அப்படியே கொண்டுபோய்ச் சேத்துட்டா.”