பயணப் பாதுகாப்பு விதிகள்

"பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் விக்டோரியா மேடம்.

பூமிகா வாயைத் திறப்பதற்குள் அவள் கணவன் அன்புசெல்வன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "எங்கிட்டதான்."

"நான் அவங்களக் கேட்டேன்."

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில், வெளிநாடு போகிற ஆசிரியர்கள் எல்லோரும் விக்டோரியா மேடத்தின் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். பயணப் பாதுகாப்பு அவர் பொறுப்பு. அவரிடம் திட்டு வாங்காமல் விமானம் ஏறியவர்கள் இல்லை என்று வேதியியல் துறையில் பேசிக்கொள்வார்கள். பூமிகா அந்தத் துறையில்தான் பாடம் எடுக்கிறாள். ஜப்பானில் ஓர் ஆய்வகத்தில் மூன்று வாரப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

இங்கே விழுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் பதில் சொல்லப் போகிறவள் பூமிகாதான். மேடம் கொஞ்சம் தணிந்து பேசினால் தேவலை என்றிருந்தது.

மேடம் தணியவில்லை.

"பயணம் போறவங்க பாஸ்போர்ட் அவங்ககிட்டதான் இருக்கணும். மேஜை மேல வைங்க."

"இன்னா மேடம் இது? பொண்டாட்டி பாஸ்போர்ட்ட புருஷன் வெச்சுக்கினு இருந்தா இன்னா தப்பு?"

"சரி, பயணத்த ரத்து பண்ணிடட்டுமா?"

அன்புசெல்வன் பல்லைக் கடித்தான். அவள் ஜப்பான் போவதில் அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே விருப்பம் இல்லை. ஆனால் துணைவேந்தர் மேடையில் அவள் பேரைச் சொல்லி வாழ்த்தியது ஊருக்குத் தெரிந்ததும், ஆரம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் அவனே பிளக்ஸ் வைத்துவிட்டான். அதில் அவன் படம் ஆளுயரம். அவள் படம் மூலையில், விமானத்தின் வாலுக்குக் கீழே. நெல் அறுக்கிற வயலிலிருந்துகூட ஆட்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இனி பயணம் நின்றால் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

பாஸ்போர்ட்டை மேஜைமேல் விட்டெறிந்தான்.

"அடுத்தது போன்" என்றார் மேடம்.

பூமிகா நீட்டினாள். வகுப்பில் இருக்கிறாளா, கேன்டீனில் இருக்கிறாளா என்று அன்புசெல்வனுக்குக் காட்டிக்கொண்டே இருக்கிற போன் அது. மேடம் அதை அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். சொந்த போனை வெளிநாட்டுக்குக் கொண்டு போகக் கூடாது, பல்கலைக்கழகம் தரும் போன்தான், இது பாதுகாப்பு விதி என்றார்.

"அந்த நெம்பர குடுங்க."

"அங்க போய் எறங்கினப்புறம்தான் சிம் போடுவாங்க. இன்னொண்ணு, இன்னிலேர்ந்து இவங்க இங்க கெஸ்ட் ஹவுஸ்ல தங்கணும். ஏர்போர்ட்டுக்கு எங்க வேன்ல போவாங்க. வழியனுப்ப யாரும் வரக் கூடாது."

அன்புசெல்வன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சரிந்து சுவரில் மோதியது. பூமிகாவின் தோள்கள் தானாகக் குறுகின.

"இது இன்னா ஜெயிலா? நான்தான் கூட்டினு போய் விடுவேன். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்."

"தாராளமா கூட்டிக்கினு போங்க" என்றார் மேடம், தலையை நிமிர்த்தாமலே. "பிளக்ஸ மட்டும் கழட்டிடுங்க."

அவன் மேடத்தைப் பார்க்கவில்லை. பூமிகாவைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். இங்கே வராது, அவ்வளவுதான்.

பரிசோதனைக்கென்று கொண்டுவரச் சொல்லியிருந்த அவள் பெட்டியைக் காலால் எத்தித் தள்ளினான்.

"திரும்பி ஊட்டுக்குத்தான வரணும்? வா, பேசிக்கலாம்."

வராந்தா முழுக்க அவன் செருப்புச் சத்தம் கேட்டது. கீழே பைக் உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனது.

பூமிகாவுக்கு அழுகை வரவில்லை. மேடத்தின்மேல் கோபம்தான் வந்தது, அவன்மேல் வர வேண்டியதும் சேர்த்து. இந்த அம்மாளுக்கு என்ன, சாயங்காலம் நிம்மதியாக ரயிலேறிப் போய்விடுவார்.

"ஏன் மேடம் அவர இப்டி சீண்டி வுட்டீங்க? உங்க ரூலுக்காக நான் அடி வாங்கணுமா?"

அந்த வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

மேடம் எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"நான் சொன்னதுல ஒண்ணுகூட ரூல் கெடையாதும்மா."

பூமிகாவுக்குப் புரியவில்லை.

"விசாவுக்கு போட்டோ எடுக்கறப்ப, துப்பட்டாவக் கொஞ்சம் எறக்குன்னு சொன்னேன். கழுத்துல வெரல் பதிஞ்சிருந்துச்சு."

பூமிகா கழுத்தைத் தொடப் போன கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். அந்தக் கையில் மேடம் பாஸ்போர்ட்டை வைத்தார்.

"ஃப்ளைட் நாளன்னைக்கு இல்ல. நேத்தே இன்னிக்கு சாயங்காலத்துக்கு மாத்திட்டேன். அந்த லேப்ல பேசினேன். அங்கயே இருக்கறதுன்னா ஒரு வருஷம் வரைக்கும் வேலை இருக்குதாம், விசாவ அவங்களே பாத்துக்குவாங்களாம். ரிட்டர்ன் டிக்கெட்ட தேதி போடாம வெச்சிருக்கேன். எப்போன்னு போடட்டும்?"

பூமிகா எழுந்து போய் அறைக் கதவை உள்பக்கமாகத் தாழிட்டாள். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்.

"போட வேணாம் மேடம்."