தடிச்ச கம்பி

நெவிலோட விரல் வலியாலதான் அவங்க பாட்டு பேண்டு படுத்துச்சுங்கிறியே பெவ், ஊரே சொன்னா அது உண்மையாயிடுமா? டாரிலும் இப்படித்தான் நம்பிட்டிருந்தான்.

டாரில்னா பாட்டுக்கார டாரில். நியூகாசில் துறைமுகத்துல கூட நிலக்கரி ஏத்தின நெவிலைக் கிட்டாரோட இழுத்துட்டு வந்து ‘கோல் லோடர்ஸ்’ பேண்டை ஆரம்பிச்சவன். மொத கச்சேரி நம்ம கிளப்புலதான். அன்னிக்குத்தான் கென் என் கவுன்ல பீரைக் கொட்டினான், அது கல்யாணத்துல போய் முடிஞ்சுது. அது கிடக்கட்டும்.

நாப்பது வருஷம் கழிச்சு ஜெர்மனி போனாங்க. ஹாம்பர்க்ல ரெண்டாயிரம் பேர் கொள்ற அரங்கு, டிக்கெட் போனது முந்நூறு. காலியா இருக்கிறது தெரியக் கூடாதுன்னு மாடியைக் கறுப்புத் துணி போட்டு மூடிட்டாங்க.

கச்சேரி ஏற்பாடு பண்ணின க்ளாஸ், டாரிலைத் தனியாக் கூப்பிட்டான். “போன தடவை வந்தவங்க எல்லாம் நெவிலைத்தான் திட்டுறாங்க. பாட்டு சவசவன்னு இருக்காம். ஆளை மாத்துங்க. இல்லேன்னா இந்தப் பக்கம் இதான் கடைசி.”

அதுவும் நெசம்தான். நாலு வருஷமா நெவில் கம்பியைச் சுருதி இறக்கித்தான் வாசிச்சான். கேட்டா, “விரல் வலிக்குதுடா, இறுக்கமா இருந்தா அமுக்க முடியல”ம்பான். கிட்டார் இறங்கினா பேண்டே இறங்கணும், பாட்டும் இறங்கணும்.

“உன் விரலுக்காக நான் கரடி மாதிரி உறும வேண்டியிருக்கு”ன்னு டாரில் குத்திக் காட்டுவான்.

“கரடிக்கு உன்னைவிட முடி ஜாஸ்தி”ன்னு நெவில் சிரிப்பான்.

அன்னிக்கு மத்தியானம் நெவில் சாசேஜ் சாப்பிடப் போன நேரமாப் பார்த்து, டாரில், நெவிலுக்கு விரல் வலின்னு சொல்லி, உள்ளூர்க் கிட்டார்க்காரி ஹைக்கேயை வரவழைச்சான். அம்பது வயசுக்காரி, கை தேர்ந்தவ.

“பழைய சுருதியில வாசிம்மா. ஜனங்க கேட்க வந்தது அதைத்தான்.”

அவ வாசிச்சா. இவன் பாடினான். மேல ஏறுற இடம் வந்ததும் குரல் துருப்பிடிச்ச கேட்டு மாதிரி கீச்சுன்னுச்சு. மறுபடி பாடினான், மறுபடி கீச்சு. மூணாவது தடவை வெறும் காத்துதான் வந்துச்சு.

ஹைக்கே நெவிலோட கிட்டாரை எடுத்து ஒரு தடவை மீட்டிப் பார்த்தா.

“இவருக்கா விரல் வலி? வலிக்கிறவங்க மெல்லிசுக் கம்பி போடுவாங்க. இது எவ்வளவு தடி பாருங்க. சுருதி இறக்கினாலும் சத்தம் கெடக் கூடாதுன்னு போட்டது. என்னாலயே அமுக்க முடியல.”

டாரில் அப்படியே ஒலிபெருக்கிப் பெட்டி மேல உக்காந்துட்டான்.

நெவில் உதட்டுல கடுகுச் சாந்தோட வந்தான். வேற ஆளு மடியில தன் கிட்டாரைப் பார்த்ததும் விஷயம் புரிஞ்சுபோச்சு.

“சொல்லிட்டே மாத்தியிருக்கலாமேடா.”

“விரலைக் காட்டு”ன்னான் டாரில்.

“வலிக்குதுடா.”

“காட்டுடா, பொய்க்காரா.”

“கத்தாதே. சாயங்காலம் பாடணும் நீ.”

சாயங்காலம் மேடை ஏறினதும் டாரில் மைக்கைப் பிடிச்சான். “சுருதி இறங்கினது என் தொண்டைக்காக. நாலு வருஷமா திட்டு வாங்கினது இவன். இனிமே திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க.”

முந்நூறு பேரும் எழுந்து நின்னாங்க. பெரிய பெரிய மைதானத்துல எல்லாம் பாடியிருக்கான் டாரில், அன்னிக்கு மாதிரி தலை நிமிர்ந்து எங்கேயும் நின்னதில்லேம்பான்.

க்ளாஸ் அப்புறம் கூப்பிடவே இல்ல. போறான் போ.

நெவிலா? இப்பவும் நீ போய்க் கேளு பெவ், விரல் வலின்னுதான் சாதிப்பான். அதோ, பக்கத்து வீட்டு வாசல்ல வண்டி துடைச்சிட்டிருக்கான் பாரு. ஏய் கென், அவனை ஒரு நிமிஷம் வரச் சொல்லிட்டு, அந்த பீட்ரூட் ஊறுகாய் பாட்டிலை உள்ள இருந்து எடுத்துட்டு வா. காலையில இருந்து அதோட மூடியை நம்ம யாராலயும் திறக்க முடியல, அந்த ‘வலிக்கிற’ விரல் திறந்துடும்.