காய்ந்த சட்டை

அன்று மாலையும் என் கணவரின் சட்டை காய்ந்துதான் இருந்தது.

அவர் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வீட்டுக்கு எட்டு கிலோமீட்டர். சைக்கிள். இலைகூட அசையாத புழுக்கம். வாசலில் சும்மா நின்ற எனக்கே ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் கழுத்தில் ஈரத் துண்டு, கூடையில் இரண்டு பாட்டில் தண்ணீர், சாலையில் நிழல் விழும் பக்கமாகவே ஓட்டுவது. இத்தனையும் செய்துவிட்டு, ஆற்றில் முங்கியவர் மாதிரி வந்து நிற்பார்.

மூன்று வாரமாகத் துண்டு மடிப்புக் கலையாமல் திரும்புகிறது.

யாரோ காரில் கொண்டுவந்து தெருமுனையில் விடுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். டயரைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. ஓட்டித்தான் வருகிறார்.

அப்படியானால் வழியில் எங்கோ குளிக்கிறார். அதே நிறத்தில் இன்னொரு சட்டை எடுத்துக் கொடுக்க அங்கே ஒருத்தி இருக்கிறாள்.

நான் தையல்காரி. அன்று காலை அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிரித்து, உள்பக்கம் மட்டும் தெரியும்படி சிவப்பு நூலில் தைத்து அனுப்பியிருந்தேன்.

மாலை அவர் வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்ததும் பொத்தானைப் பிடித்துப் புரட்டினேன்.

சிவப்பு நூல். அதே சட்டை.

“எந்த மகராசி வீட்டு ஏ.சி.ல ஆறிட்டு வர்றீங்க? விசிறியும் விடுறாளா?”

அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது. பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். பாதிக்கு மேல் காலி.

“வேர்க்காம இருக்கறதுக்குடி. போன மாசம் நாத்தம் தாங்கலன்னு தலையணைய தூக்கிட்டுக் கூடத்துக்குப் போயிட்டியே... அதான்.”

நாக்கு குழறியது. முழங்கால் மடங்கியது.

தாங்கிப் பிடித்தேன். கழுத்தில் ஒரு பொட்டு ஈரமில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல் இருந்தது.

எதிர்வீட்டுக்காரி ஆம்புலன்சுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். நான் வாளி வாளியாக அவர் தலையில் கவிழ்த்தேன்.

மூன்றாவது வாளிக்குப் பிறகு, தெருவே பார்க்க, அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்து முகர்ந்தேன்.

அந்த நாற்றம் இன்னும் வரவில்லை.