நுரைக்குப் பின்னால்
மகளின் கட்டிலை அறையின் நடுவே இழுத்துப் போட்டுவிட்டு, அது ஒட்டிக் கிடந்த சுவரில் மூன்றாம் முறையாகக் கடப்பாரையை இறக்குகிறாள் அக்கா. பலகை பிளக்கிறது. வீட்டுச் சுவர்களுக்குள் குளிர்தடுப்பு நுரை அடிப்பதையே தொழிலாகக் கொண்ட தம்பி போன வருஷம் பீய்ச்சிய மஞ்சள் நுரை உள்ளே இறுகிக் கிடக்கிறது. முனையைச் செருகிப் பல்லைக் கடித்துக்கொண்டு நெம்புகிறாள். தலையணை அளவு கட்டி பிய்ந்து விழுகிறது. அதன் முதுகு முழுக்கக் கன்னங்கரேலென்று பூஞ்சணம். ஜன்னல் வெயிலில் கறுப்புத் தூசி சுழல்கிறது. சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் இன்னும் கசிந்து சொட்டுகிறது. "நுரை அடிக்கிறப்பவே இருந்துச்சாடா இது?" வாசலில் மாஸ்க்கோடு நிற்கும் தம்பி கட்டியைப் பார்த்தபடி சொல்கிறான். "லேசாத்தான்க்கா இருந்துச்சு. நுரைய அடிச்சு மூடிட்டா காத்தில்லாம செத்துடும்னு நெனச்சேன்." "செத்துடும்னு நெனச்சியா?" கடப்பாரை அவன் காதோரமாகப் பறந்து கதவு நிலையில் மோதி விழுகிறது. பாய்ந்து வந்து சட்டையைக் கொத்தாகப் பிடிக்கிறாள். நுரைக் கட்டியை அவன் நெஞ்சில் அறைகிறாள். "அன்னிக்கும் மாஸ்க், இன்னிக்கும் மாஸ்க். என் புள்ள எத மாட்டிக்கிட்டுத் தூங்குனா, சொல்லு!" ஒரே இழுப்பில் பட்டை அறுந்து மாஸ்க் தெறிக்கிறது. முதல் மூச்சிலேயே தொண்டை அடைத்து, அவன் மண்டியிட்டு இருமுகிறான். அடுத்த அறையிலிருந்து மகளின் இருமல் அவனுக்குப் பதில் சொல்கிறது. தரையில் கிடக்கும் மாஸ்க்கை நோக்கி அவன் கை நீள்கிறது. அக்காவின் கால் அதன்மேல் ஏறி நிற்கிறது.