சிவப்பு மூடி

பால் கடைக்குள் காலை வெயில் சாய்வாக விழுந்து கேன்களின் வயிற்றில் பளபளக்கிறது. கலப்படமில்லாத பால் சிவப்பு மூடிக் கேனில் மட்டும்தான். அது வீட்டுக்கும் சோதனைக்கு வரும் அதிகாரிக்கும். மற்ற கேன்களில் இருக்கும் மாவு கரைத்த பால் ஊருக்கு. "இதுலயே எடுங்க சார், அமுதம் மாதிரி இருக்கும்" என்று பால்காரன் தானே சிவப்பு மூடியைத் திறந்து நீட்டுகிறான். உள்வாசல் நிலையில் சாய்ந்து நிற்கிறாள் அவனுடைய அண்ணி. அவள் இடுப்பில் பிள்ளை, குச்சிக் கால்களைத் தொங்கவிட்டபடி. தாய்ப்பால் வற்றிப் போய் அவள் ஒரு டம்ளர் பாலுக்குக் கை நீட்டியபோது, ஊருக்கு ஊற்றும் பாலைத்தான் இவன் ஊற்றினான். பிள்ளை வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "என் பால் அவன் வயித்த என்ன பண்ணும் அண்ணி?" என்று சிரித்தான். அதிகாரி காய்ச்சி ஆறவைத்த பாலில், மாவு இருந்தால் நீலமாக்கிக் காட்டிக்கொடுக்கும் அயோடின் சொட்டு விழுகிறது. பால்காரன் சாவகாசமாக ஏப்பம் விடுகிறான். வெள்ளைக்குள் மெல்ல நீலம் பாரிக்கிறது. பிறகு கிண்ணம் முழுக்க நீலம். அவன் மூடியைப் பார்க்கிறான், கேனைப் பார்க்கிறான், கடைசியில் அண்ணியைப் பார்க்கிறான். விடியும் முன்னே மூடிகளை மாற்றிப் போட்ட கை, பிள்ளையின் முதுகை நிதானமாகத் தட்டிக்கொண்டிருக்கிறது.

"காபி இன்னைக்குக் கெட்டியா இருக்குன்னு ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சீங்களே தம்பி" என்கிறாள் அவள். "உங்க வயித்த என்ன பண்ணுச்சு?"